உரிந்த சுவரின் படம்

“மார்செய்யா? அங்க எதுக்குப் போற? அது பிரான்ஸ் மாதிரியே இருக்காதுடா” என்றாள் அக்கா. பெரியம்மா மகள். பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருபது வருடங்களாக இருக்கிறாள். 2024 அக்டோபரில் மூன்று வார விடுப்பில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதில் நான்கு நாளை, பிரான்ஸின் தென்கரைத் துறைமுக நகரமான மார்செய்க்கு ஒதுக்கி, ரயில் டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். மாமாவும் சேர்ந்துகொண்டார். பையை முன்பக்கம் மாட்டிக்கொள், போனைக் கையில் பிடித்தபடி நடக்காதே, இருட்டின பிறகு ஸ்டேஷன் பக்கம் சுற்றாதே. மாமாவின் அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. நான் அத்தை என்று கூப்பிடுவேன். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, “கப்பல் வந்து நிக்கிற எடத்தப் பாத்துட்டு வா தம்பி” என்றார்.

அக்கா சொன்ன வாக்கியத்தை அந்த வாரம் முழுவதும் கேட்டேன். ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி அதைக் கவலையோடு சொன்னார். விடுதியில் சாவி கொடுத்த இளைஞன் பெருமையோடு சொன்னான். இரண்டாம் நாள் காலையில் நானே அதைச் சொன்னேன், பாராட்டாக. ஊர் திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அந்த வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் மார்செய் என்று அக்கா கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பதில் எங்கள் ஆயாவிடம் இருக்கிறது. எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். நிலக்கடலையை அங்கே மல்லாட்டை என்போம். ஆயா முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரிக்கும்போது, “இது மர்சேக்குப் போன கொட்டை” என்பார். அவருடைய தாத்தா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப் புதுச்சேரிக்குப் போய்வந்த கதை அது. கொட்டையைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பெண்கள் தடியால் அடித்துத் தோலை நீக்கி, பருப்பை மட்டும் மூட்டை கட்டுவார்களாம். மர்சே என்றால் ஏதோ மண்டி, அல்லது ஒரு வியாபாரியின் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்காகப் புதுச்சேரிக்குப் போய், அங்கே கொஞ்சம் பிரெஞ்சும் படித்த பிறகுதான் விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டைக்கு மாறியதற்குப் பெரிய காரணம் மார்செய். அந்த ஊரின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிற்சாலைகளுக்கும் செனகலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடலை போனது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் வந்த பிறகு சரக்கு இன்னும் சுலபமாகப் போனது. எங்கள் கொல்லைமேட்டு நிலத்தில் எதை விதைக்க வேண்டும் என்பதைக் கடல் தாண்டி ஒரு ஊர் தீர்மானித்திருக்கிறது. அந்த ஊரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நூற்று நான்கு படிகள்

சேன் ஷார்ல் ஸ்டேஷன் மேட்டின் மேல் இருக்கிறது. பாரிஸிலிருந்து மூன்றேகால் மணி நேரத்தில் வந்து இறங்கி, வெளியே வந்தால் கண்ணெதிரே ஊர் முழுக்கச் சரிந்து கிடக்கிறது. எதிர்க்குன்றின் மேல் நோத்ர் தாம் கோயிலின் தங்க மாதா. கீழே இறங்க 104 படிகள். 1920களில் கட்டி முடித்த படிக்கட்டு இது. இறங்கும் வழியில் இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்திருக்கும் பெண் சிலைகள். ஒன்றின் அடியில் ‘ஆப்பிரிக்கக் காலனிகள்’ என்றும் மற்றொன்றின் அடியில் ‘ஆசியக் காலனிகள்’ என்றும் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சிலை வைத்த காலத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் அந்த இரண்டாவது சொல்லுக்குள்தான் இருந்தன. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தச் சிலையின் காலடியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி அந்தக் காலனிகளிலிருந்து வந்தவர்களாக இருக்கும் என்று அவர்கள் முகம் சொன்னது.

முதல் நாள் சுற்றுலாப் பயணி செய்வதையெல்லாம் செய்தேன், சந்தோஷமாகவே செய்தேன். பழைய துறைமுகம் என்பது கடல் ஊருக்குள் நீட்டிய ஒரு விரல். இப்போது அங்கே உல்லாசப் படகுகள்தான் நிற்கின்றன. காலையில் மட்டும் ஒரு மூலையில் மீனவர்கள் தொட்டியில் மீன் போட்டு விற்கிறார்கள். கரையோரம் தரையில் ஒரு வெண்கலத் தகடு: கி.மு. 600 வாக்கில் ஆசியா மைனரின் போக்கேயா நகரத்திலிருந்து கிரேக்க மாலுமிகள் இங்கே வந்து இறங்கி மார்செய்யை நிறுவினார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தப் போக்கேயா இன்றைய துருக்கியில் இருக்கிறது. பிரான்ஸ் என்ற பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர் பிறந்துவிட்டது. பிறந்ததே வெளியிலிருந்து கப்பலில் வந்தவர்களால். ‘பிரான்ஸ் மாதிரி இல்லை’ என்று சொல்பவர்கள் இந்தத் தகட்டை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். அன்று நானும் அப்படித்தான் நடந்தேன்.

துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சின்னப் படகு ஒன்று போகிறது. அது கொண்டுபோய்விடும் இடத்தின் பெயர் எண்ணெய்ச் சதுக்கம். பக்கத்தில் ஒரு கால்வாய் இருந்து, எண்ணெய்ப் பீப்பாய்கள் அங்கே இறங்கின காலத்துப் பெயர். கால்வாயை 1920களில் தூர்த்துவிட்டார்கள். இப்போது வரிசையாக உணவகங்கள். எல்லாக் கடையிலும் மார்செய் சோப்பு, கனச்சதுரமாக, எண்ணெயின் அளவை ‘72%’ என்று முத்திரை குத்தி. ஆலிவ் எண்ணெய் மட்டுமே சேர்க்க வேண்டும் என்று 1688இல் அரசாணையே போட்டார்கள். சுற்றுலாக் கடைகளில் அந்த ஆணையைத்தான் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேங்காய்க் கொப்பரை, பனை, எள், கடலை என்று உலகத்து எண்ணெயெல்லாம் அந்தச் சோப்புக்குள் போன கதையை நான் பார்த்த கடை எதிலும் எழுதி வைக்கவில்லை. ஒரு கட்டி வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஆலிவ் வாசனைதான் வந்தது. வேறு எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் நோத்ர் தாம் ஏறினேன். 1864இல் அபிஷேகம் செய்த கோயில். ஊர்க்காரர்கள் அதை ‘நல்ல தாய்’ என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் கயிற்றில் தொங்குகின்றன. சுவரெல்லாம் நன்றிப் பலகைகள். புயலில் பிழைத்தவர்கள், போருக்குப் போய்த் திரும்பியவர்கள், திரும்பாதவர்களின் தாய்மார்கள். வேளாங்கண்ணியில் காணிக்கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் அந்நியமாகவே இருக்காது. வெளியே மிஸ்த்ரால் காற்று நிற்கவிடாமல் தள்ளியது. அன்று இரவு படுக்கும்போது இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

படம்

மறுநாள் காலை கூர் ஜூலியேன் பக்கம் நடந்தேன். சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பகுதி. படியெல்லாம் வண்ணம். ஒரு சந்தில் திரும்பியபோது ஒரு வீடு. நான்கு மாடி, ஒடுக்கமானது. காவி நிறச் சுண்ணாம்பு பெரிய பெரிய பத்தையாக உரிந்து, அடியில் இன்னொரு பழைய நிறம் தெரிந்தது. நீல மரக்கதவுகள் கொக்கி விட்டுச் சாய்ந்திருந்தன. மூன்றாவது மாடி ஜன்னலின் மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல், வரைபடத்து ஆறு மாதிரி வளைந்து வளைந்து ஓடியது. கொடியில் ஒரு குழந்தையின் சட்டை. காலை வெயில் சாய்வாக அதன்மேல் விழுந்தது. நான் நின்று, குனிந்து, தள்ளிப் போய், கிட்ட வந்து, ஏழெட்டுப் படம் எடுத்தேன். அதில் நன்றாக வந்த ஒன்றை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு எழுதினேன்: ‘பிரான்ஸ் மாதிரியே இல்லை. நம்ம ஊர் மாதிரி இருக்கு. அதான் அழகு.’ ஊரிலிருந்து வரிசையாக இதயம் வந்தது.

எனக்கு அப்போது தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். பாரிஸின் மத்தியில் நடக்கும்போது எல்லாமே துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. தொட்டால் யாராவது திட்டுவார்கள் என்ற கூச்சம் இருந்தது. இங்கே அது இல்லை. குப்பை இருந்தது, சத்தம் இருந்தது, கொத்தமல்லி வாசனை இருந்தது. வெளிநாட்டில் மூன்று வாரம் இருப்பவனுக்கு அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் அழகு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், மழை பெய்தால் என்ன ஆகும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு விரிசலைப் பார்த்திருந்தால் நினைத்திருப்பேன். கொத்தனாரைக் கூப்பிட்டு அஸ்திவாரம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். பயணியாக வந்ததும் அந்தக் கண் எங்கே போனது?

ஒபாஞ் தெரு

அங்கிருந்து நொவாய் சந்தைப் பக்கம் இறங்கினேன். மார்செய்யின் வயிறு என்று அந்தப் பகுதியைச் சொல்வார்கள், பொருத்தமான பெயர். புதினாக் கட்டு, ஊறவைத்த ஆலிவ், மரவள்ளிக்கிழங்கு, வெண்டைக்காய், வறுத்த கடலைப்பருப்பு, மஞ்சள்தூள் குவியல். ஒபாஞ் தெரு அந்தச் சந்தையிலிருந்து மேட்டை நோக்கி ஏறுகிற ஒடுக்கமான தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், ஒன்றின் தோளில் இன்னொன்று சாய்ந்த மாதிரி. நடந்துகொண்டே இருக்கும்போது வரிசையில் திடீரென்று வானம் தெரிந்தது. பல் விழுந்த இடம் போல ஒரு இடைவெளி. பக்கத்து வீட்டின் பக்கச்சுவரில் முன்பு இருந்த வீட்டின் மாடிகளின் தடம் இன்னும் தெரிந்தது. அருகில் எட்டு முகங்கள், படமாக. கீழே வாடிய பூ.

அங்கே என்ன நடந்தது என்பதைச் செய்தியில் எப்போதோ படித்திருக்கிறேன். தெருப்பெயர் நினைவில் இல்லை. எதிர்க்கடையில் பேரீச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் நான் நிற்பதைப் பார்த்துத் தானாகவே சொன்னார். தூனிஸிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறதாம். “திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி. முதலில் சத்தம், அப்புறம் வெள்ளைப் புழுதி, எதிரே இருந்த எதுவும் தெரியவில்லை.” 2018 நவம்பர் 5. அறுபத்துமூன்றாம் எண் வீடும் அறுபத்தைந்தாம் எண் வீடும் சில நொடிகளில் உட்கார்ந்துவிட்டன. அறுபத்துமூன்று காலியாகக் கிடந்தது. அறுபத்தைந்தில் ஆட்கள் இருந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். கதவு மூட முடியவில்லை, சுவரில் விரிசல் பெரிதாகிறது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்டோபர் 18 அன்று ஒரு நிபுணர் வந்து பார்த்து, பிறகு குடியிருப்பவர்கள் வீட்டுக்குத் திரும்பலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். வீடுகள் விழுந்ததும் கனமழைதான் காரணம் என்று நகராட்சி முதலில் சொன்னது. ஆனால் 2015இலேயே அரசுக்குக் கொடுத்த ஓர் அறிக்கை, மார்செய்யில் குடியிருக்கத் தகுதியில்லாத வீடுகள் 40,000, அவற்றால் ஆபத்தில் இருப்பவர்கள் 1,00,000 பேர் என்று கணக்குக் கொடுத்திருந்தது. இறந்தவர்களில் கொமோரோ தீவிலிருந்து வந்தவர் உண்டு, இத்தாலியிலிருந்து வந்தவர் உண்டு, துனீசியா, அல்ஜீரியா, செனகல் உண்டு, பிரான்ஸிலேயே பிறந்தவர்களும் உண்டு. அந்த ஒற்றை வீட்டின் மாடிகளில் இந்தத் துறைமுகத்தின் வரைபடமே இருந்திருக்கிறது.

பெரியவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. “இந்த வீடுகளைப் படம் எடுக்க நிறையப் பேர் வருவார்கள். நிறம் நன்றாக இருக்கும் என்பார்கள்.” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கடை வாசலில் முப்பது வருடம் உட்கார்ந்திருப்பவர் தெருவைப் பற்றிச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் போட்ட படத்துக்கு ஊரில் யாரோ இன்னும் இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெருவின் மேட்டில் ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அதற்கு ‘2018 நவம்பர் 5’ என்று அந்த நாளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து காலைப் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நான் ஆறு என்று ரசித்த விரிசல் ஜன்னல் சட்டத்தையும் பிளந்திருந்தது. யாரோ அதற்குள் துணியோ காகிதமோ திணித்து அடைத்திருந்தார்கள். குழந்தையின் சட்டை அந்த ஜன்னலிலிருந்துதான் தொங்கியது. குழுவில் போட்ட படத்தை எல்லோருக்குமாக நீக்கினேன். போனிலிருந்து நீக்க விரல் வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பெயர் பறிபோன ஊர்

அன்று மதியத்திலிருந்து நான் பார்த்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. ‘பிரான்ஸ் மாதிரி இல்லை’ என்ற வாக்கியத்துக்கு இந்த ஊரில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் சில சமயம் பீரங்கியோடு வந்திருக்கிறார்கள். 1660இல் அடங்காத ஊர் என்று பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி மதிலை இடித்து, இடித்த வழியாகவே ஊருக்குள் நுழைந்தான். துறைமுக வாயிலில் அவன் கட்டிய சேன் நிக்கோலா கோட்டை எதிரியைப் பார்த்தது போலவே ஊரையும் பார்த்துக்கொண்டு நின்றது. 1792இல் இந்த ஊர்த் தொண்டர்கள் பாடிக்கொண்டே பாரிஸுக்கு நடந்துபோன பாட்டுதான் பிரான்ஸின் தேசியகீதம். எழுதியது ஸ்திராஸ்பூரில் என்றாலும் பெயர் மார்செய்யேஸ். ஆனால் இரண்டே வருடத்தில், 1794 ஜனவரியில், மத்திய அரசை எதிர்த்த குற்றத்துக்காக ஊரின் பெயரையே பறித்துவிட்டார்கள். சில வாரங்களுக்கு இதன் அதிகாரப்பூர்வப் பெயர் ‘பெயரில்லாத ஊர்’. பாட்டுக்கு உன் பெயர் வேண்டும், உனக்குப் பெயர் வேண்டாம். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

1881இல் இத்தாலியர்களைத் தெருத்தெருவாகத் துரத்தி அடித்தார்கள். அன்றைக்கு ‘நம்மவர் இல்லை’ என்ற சொல் அவர்கள் மேல் இருந்தது. இன்று இத்தாலியப் பெயர் கொண்ட மார்செய்க்காரரை யாரும் அந்நியர் என்று நினைப்பதில்லை. அந்தச் சொல் இப்போது வேறு தோள்களுக்கு மாறிவிட்டது. எல்லாவற்றையும்விடக் கொடுமை 1943. பழைய துறைமுகத்தின் வடகரையில் ஒடுக்கமான சந்துகளோடு ஒரு குடியிருப்பு இருந்தது. குற்றவாளிகளின் கூடு, அழுக்கு, நோய் என்று அதைச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். ஜனவரியில் ஜெர்மானியரும் பிரெஞ்சுப் போலீசாரும் சேர்ந்து சுற்றிவளைத்து சுமார் 20,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பிப்ரவரியில் ஏறக்குறைய 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த ஜனவரிச் சுற்றிவளைப்புகளில் பிடித்த யூதர்களில் சுமார் 800 பேர் சொபிபோர் கொலைமுகாமுக்குப் போனார்கள். இன்று அந்த இடத்தில் போருக்குப் பின் கட்டிய கல் கட்டடங்கள், கீழே காபிக்கடைகள். முதல் நாள் அங்கேதான் உட்கார்ந்து நான் காபி குடித்தேன். தப்பித்த மேட்டுப் பகுதியின் பெயர் பனியே. அங்கே இப்போது பூந்தொட்டி வைத்த சந்துகளில் பயணிகள் கூட்டம். இடித்ததும் சந்துதான், இன்று எல்லோரும் படம் எடுப்பதும் சந்துதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். ‘இந்த இடம் நம் ஒழுங்குக்குள் வராது’ என்று ஒதுக்குவதற்கும், ‘இந்த இடம் ஒழுங்குக்குள் வராததுதான் அழகு’ என்று கொண்டாடுவதற்கும் நடுவில் நான் நினைத்திருந்த அளவு தூரம் இல்லை. இரண்டிலும் அந்தச் சுவர் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஆகிறது. முதலாமவர் பழுது பார்க்கப் பணம் ஒதுக்க மாட்டார். இரண்டாமவருக்குப் பழுது பார்த்துவிட்டால் படம் போய்விடும். குடியிருப்பவருக்கு வேண்டியது சாதாரணமானது: கதவு மூட வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, இரவு தூங்கினால் காலையில் எழ வேண்டும். மார்செய்யும் பிரான்ஸ்தான் என்று சொன்னால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். வீடுகள் விழுந்த பிறகு நடந்த ஊர்வலங்களில் அந்த மக்கள் கேட்டதும் இதைத்தான். ஊரெங்கும் பல ஆயிரம் பேரை ஆபத்தான வீடுகளிலிருந்து அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. நான் திரும்பி வந்த அடுத்த மாதம்தான், ஆறு வருடம் கழித்து, வழக்கு விசாரணை தொடங்கியது.

வேலிக்கு அப்பால்

அத்தை சொன்ன இடம் பழைய துறைமுகம் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. கப்பல்கள் அங்கே வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நீராவிக் கப்பல்களுக்கு இடம் போதாமல் 1844இல் வடக்கே ஜொலியெத் துறையைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் பின் வரிசையாக இன்னும் துறைகள். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் புதுச்சேரி, கொழும்பு, சைகோன் எல்லாம் இந்தக் கரையோடு நேராக இணைந்தன. எங்கள் மல்லாட்டை மூட்டைகள் இந்தத் துறைகளில் எங்கோதான் இறங்கியிருக்க வேண்டும். 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியச் சிப்பாய்கள் போருக்காக வந்து இறங்கியதும் இந்த ஊரில்தான். அந்தக் காலத்துச் சரக்குக் கிடங்கு 365 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடமாக நிற்கிறது. உள்ளே இப்போது அலுவலகங்களும் கடைகளும். அதன் எதிரே போய்க் கடலைப் பார்க்கலாம் என்று நடந்தால் வேலி. கோர்சிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள்தான் உள்ளே போகலாம். வேலிக்கு வெளியே கார்கள் காத்து நின்றன. மேற்கூரையில் மெத்தை, சைக்கிள், பிளாஸ்டிக் நாற்காலி என்று ஆள் உயரத்துக்குக் கட்டிய சுமை. ஒரு காரில் பாட்டி ஒருத்தி கதவைத் திறந்துவைத்து, மடியில் பாத்திரத்தோடு பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த நான்கு நாளில் மார்செய் ஒரு துறைமுகம் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அந்தக் காரைப் பார்த்தபோதுதான்.

அங்கிருந்து 35ஆம் எண் பஸ் பிடித்து லெஸ்தாக் போனேன். பஸ் கிட்டத்தட்ட வழி முழுக்கத் துறைமுக வேலியை ஒட்டியே போகிறது. இடதுபக்கம் கப்பல்கள், கிரேன்கள், கம்பிக்கு நடுவே கிழித்த காகிதம் போலக் கடல். நடுவில் சாஹா ஹதித் வடிவமைத்த சிஎம்ஏ சிஜிஎம் கப்பல் கம்பெனியின் கோபுரம் கண்ணாடியாக எழுந்து நிற்கிறது. கீழ்த்திசைக்குப் பயணிகளையும் சரக்கையும் கொண்டுபோன பழைய மெஸ்ஸஜெரி மரித்தீம் கம்பெனி பல இணைப்புகளுக்குப் பிறகு கலந்திருப்பது இந்தக் கம்பெனிக்குள்தான். வலதுபக்கம் வடக்குப் பகுதியின் அடுக்குமாடிகள். பஸ்ஸில் இருந்த சுற்றுலாப் பயணி நான் ஒருவன்தான். பள்ளி விட்டுவரும் பிள்ளைகள், கீரைக்கட்டோடு பெண்கள், காதில் பாட்டோடு ஒரு பையன். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெண்மணி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லி, இறங்கும்போது கதவுப் பொத்தானையும் அழுத்திவிட்டாள். சேன் ஆன்ரி என்ற பகுதி அருகே வந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அங்கே வரிசையாக ஓட்டுத் தொழிற்சாலைகள் இருந்து, மார்செய் ஓடு கப்பலில் உலகமெல்லாம் போனது. நம் ஊர் மங்களூர் ஓட்டுக்கு நெருங்கிய உறவுக்காரன்.

லெஸ்தாக் சின்ன மீனவக் கிராமமாக இருந்த இடம். ஓவியர் செசான் வந்து தங்கி இதே விரிகுடாவை வரைந்திருக்கிறார். கரையில் மரக்கூண்டு மாதிரிக் கடைகள். அங்கே பானிஸ் என்று ஒன்று விற்கிறார்கள். கொண்டைக்கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி, ஆறவைத்து, வில்லை வில்லையாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகும் தூவிக் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கிறார்கள். ஒன்றைக் கடித்ததும் மழைநாள் சாயங்காலம் ஆயா போடும் பஜ்ஜியின் மாவு, வாழைக்காய் இல்லாமல். இந்த ஊர் மீன்குழம்பான புயபேஸ் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதை நான் சாப்பிடவும் இல்லை. மார்செய் என்றால் என் நாக்குக்கு இந்தப் பானிஸ்தான். பொட்டலத்தோடு கடல் சுவரில் உட்கார்ந்தேன். அங்கிருந்து துறைமுகம் முழுவதும் பக்கவாட்டில் தெரிகிறது. நீளமான அலைத்தடுப்புச் சுவர், அதன் உள்ளே கப்பல்கள், வெகுதூரத்தில் குன்றின் மேல் மாதா ஒரு பொட்டு மாதிரி. கப்பலில் வருகிறவர்கள் முதலில் பார்க்கும் மார்செய் இதுவாகத்தான் இருக்கும். ஒரு வீடியோ எடுத்துக்கொண்டேன். யாருக்கும் அனுப்பவில்லை.

சார்செல்லுக்குத் திரும்பிய அன்று இரவு, சாப்பாடு முடிந்ததும் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை வாங்கினார். 1956இல், பத்து வயதில், சைகோனிலிருந்து வந்த கப்பலில் மார்செய்யில் இறங்கியவர். அவருடைய அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் படையில் சிப்பாய். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். “அந்த மாதாவ நெனவிருக்கு. அம்மா கும்புடச் சொன்னாங்க” என்றார். அப்புறம் விரலால் தள்ளித் தள்ளி மற்ற படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். உரிந்த சுவர் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் கூசியது. சொல்லி வாங்கிக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் அவர் நிறுத்திவிட்டார். பெரிதாக்கினார். விரிசலின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தார்.

“இந்த மாதிரி ஒரு வீட்லதான் மொத எட்டு மாசம் இருந்தோம். பெல்சன்ஸ்னு ஒரு எடம். ஒரே ரூம், ஏழு பேரு. செவுத்துல விரல வெச்சா மாவாட்டம் உதிரும். இதே கணக்கா ஒரு வெடிப்பு. அப்பா அதுக்கு மேல காலண்டர மாட்டி வெச்சாரு. வெடிப்பு பெருசாவப் பெருசாவ ரெண்டாவது காலண்டரு வாங்கியாந்தாரு. பழைய வருசத்துது.”

அடுத்த அறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, “இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே அத்தை” என்றாள். யாரும் கேட்கவில்லை என்றார் அவர். நான் அந்தப் படத்தை அழித்துவிடப் போவதாகச் சொல்லி, ஒபாஞ் தெருவைப் பற்றியும் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டுப் பேர் என்றபோது கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துப் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அழிச்சிடாத. எனக்கு அனுப்பு.”

அனுப்பினேன்.